எடை மேடைக்கு எந்த மொழி

துக்கம் கேட்க வருபவர்கள் எல்லாம் வந்து ஓய்ந்த பிறகு ஹவுராவிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் ஒரு வார்ப்படப் பட்டறையின் முதலாளி. சாக்கடை மூடி, குழாய் இணைப்பு மாதிரியான இரும்புச் சாமான்களை வார்த்து லாரியில் அனுப்பும் பட்டறை. அங்கே எடை மேடையோடு இணைத்திருந்த கம்ப்யூட்டருக்கு என் கணவர்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். சாமான் மேடையில் ஏறியதும் அது எடையைப் படிக்கும், தள்ளுவண்டியின் எடையைக் கழிக்கும், சலானை அச்சடித்துத் தரும். சலான் இல்லாமல் லாரி வாசலைத் தாண்டாது.

"பௌதி, இந்த நேரத்துல கேக்கக் கூடாது, மன்னிச்சுக்குங்க" என்றார் வங்காளியில். என் கணவர் அவருக்கு தாதா, அண்ணன். அதனால் நான் பௌதி, அண்ணி. "கம்ப்யூட்டர் நின்னு நின்னு ஓடுது. இதுக்கு இனிமே உதிரி கிடைக்காதுன்னு ரிப்பேர்காரன் கையை விரிச்சுட்டான். புது மெஷின் வாங்கினோம், அதுல தாதாவோட புரோகிராம் ஓடவே மாட்டேங்குது. இது மொத்தமா நின்னுச்சுன்னா பட்டறையே நின்னுடும்."

சரி, பார்க்கிறேன் என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் என் வாயில் சரி என்றுதான் வந்தது. பாலிகஞ்சில் எங்கள் குடியிருப்புக்கு வந்த தமிழ் மாமிகள் "அழுதுடு, அழுதுட்டாத் தேவலை" என்றார்கள். அதற்கும் சரி என்றேன், அழுகைதான் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. ஆபீஸ் போனேன், ரசம் வைத்தேன், மின்சாரப் பில் கட்டினேன். எல்லாவற்றையும் யாரோ செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்த பிறகு ஒன்று உறைத்தது. வீட்டில் அவருடையது எல்லாம் நின்றுவிட்டது. செருப்பு வாசலில் இருக்கிறது, யாரும் போடுவதில்லை. ஷேவிங் பிரஷ் காய்ந்துவிட்டது. ஹவுராவில் ஒன்று மட்டும் தினமும் அவர் சொல்லி வைத்தபடி எடை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டு வேறொன்றை வைக்க வேண்டும், வைக்க வேண்டியவள் நான்.

நானும் புரோகிராம் எழுதிப் பிழைப்பவள்தான். கம்ப்யூட்டர் கம்பெனிகள் மொய்க்கும் செக்டர் ஃபைவில் ஆபீஸ். இப்போதெல்லாம் எழுதுவது குறைவு. எந்த வேலைக்கு எந்த மொழி என்று முடிவு செய்வதும், அதையொட்டி வரும் சண்டையை விலக்குவதும்தான் என் உத்தியோகம். சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. சின்ன வயசுக்காரர்கள் ரசிகர் மன்றத்துக்காரர்கள் மாதிரி வருவார்கள். ஒருவனுக்குத் தன் மொழிதான் வேகம், இன்னொருத்திக்குத் தன் மொழிதான் பத்திரம், மூன்றாமவன் போன வாரம் கேள்விப்பட்ட ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவான். எல்லாரும் கத்தி முடித்த பிறகு நான் கேட்பது ஒன்றுதான்: இது எங்கே ஓடப் போகிறது, கெட்டுப் போனால் யார் பார்ப்பார்கள்? வேகம், அழகு, புதுமை எல்லாம் அப்புறம். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஆபீசில் நல்ல பெயர்.

வீட்டில் மட்டும் இந்தப் பேச்சு எடுபட்டதில்லை. ஐம்பதைத் தாண்டியதும் அவருடைய ஆபீஸ் அவரையும் இன்னும் பலரையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டது. அதன் பிறகு ஹவுராப் பட்டறைகளுக்கு, லேத் கடைகளுக்கு என்று சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதிக் கொடுத்தார். எல்லாம் பாஸ்கலில். காலேஜில் படித்த மொழி. அதை விட்டு இம்மி நகர மாட்டார்.

"இந்த ஊர்லே இன்னும் பாஸ்கல் எழுதறது நீங்க ஒருத்தர்தான்" என்பேன். "நாளைக்கு உங்களுக்கு ஜுரம் வந்தா அங்கே யார் பார்ப்பா? பைத்தான் கத்துக்கோங்கோ, பத்து நாள் வேலை."

"உனக்கென்ன, ஏசி ரூம்லே உக்காந்துண்டு சொல்லுவே. பட்டறைத் தூசியிலே வந்து பாரு."

"தூசிக்கும் பாஸ்கலுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

புரியாது என்று அவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் தலையில் அடித்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவேன். மற்ற பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கடையில் விற்கிற தயார் மென்பொருளுக்கு மாறிக்கொண்டன. கடைசியில் இந்த ஒரு பட்டறைதான் மிஞ்சியது. அங்கிருந்து போன் வந்தால் மனிதர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பாபுகாட் படித்துறையில் லாஞ்ச் பிடித்து ஆற்றுக்கு அக்கரை போய்விடுவார். நின்றுபோன புரோகிராமைப் பார்க்கப் போகிறவர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போவானேன் என்று கேலி செய்திருக்கிறேன்.

அவருடைய மடிக்கணினியில் அந்தப் புரோகிராம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். எடைக்கு ஏ, தள்ளுவண்டிக்கு ஏ1, கழித்த மிச்சத்துக்கு ஏ2 என்று பெயர் வைத்திருந்தார். ஆபீசில் எவனாவது இப்படிப் பெயர் வைத்தால் அங்கேயே மானத்தை வாங்கிவிடுவேன். விளக்கக் குறிப்பு என்று ஒரு வரி கிடையாது. ஆனால் தப்பும் கிடையாது. எடை மேடை குப்பையாக ஒரு எண்ணை அனுப்பினால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்கிறது. கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நன்றாக எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அதைச் சொல்ல ஆள் இல்லையே என்பதும் ஒரு தகவல் மாதிரிதான் மனசில் வந்து போனது.

எதில் எழுதுவது என்று யோசிக்க எனக்கு நேரமே பிடிக்கவில்லை. பாஸ்கல் புது மெஷினிலும் ஓட வழி இருக்கிறது, ஆனால் அது தெரிந்தவர் போய்விட்டார். சி வேண்டாம், எடை மேடைக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ஜாவா இந்தச் சின்ன வேலைக்கு ஊரைக் கூட்டும். பைத்தான்தான் எளிது, படிக்கவும் எழுதவும். ஆபீசில் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தால் இதே பதிலைத்தான் சொல்வேன். இரண்டு சனி ஞாயிறுகளில் எழுதி முடித்தேன். எழுதும்போது நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மற்ற நேரங்களைவிடத் தேவலையாக இருந்தது.

அடுத்தது எப்போது மாற்றுவது என்பது. பழையதை நிறுத்திப் புதியதை ஏற்ற வேண்டுமென்றால் எங்கள் தொழிலில் யாரும் வேலை செய்யாத நாளைத்தான் பார்ப்போம். பட்டறை எந்த நாளில் நிற்கும் என்று யோசித்து, விஸ்வகர்மா பூஜையன்று வருகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "வாங்க பௌதி, கண்டிப்பா வாங்க" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான்.

போய்ச் சேர்ந்தபோது ஹவுராவின் வானம் முழுக்கக் காற்றாடி. பட்டறை வாசலில் ஒலிபெருக்கி காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. உலைக்கு எதிரே யானைமேல் உட்கார்ந்த விஸ்வகர்மா. கடைசல் இயந்திரம், துளை போடும் இயந்திரம், சுத்தியல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். எடை மேடைக்கும் மாலை. அதன் பக்கத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்கும் மாலை, திரையின் நடுவில் குங்குமம், கீபோர்டின் மேல் கொஞ்சம் அருகம்புல். நான் கையில் பென் டிரைவை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன்.

"இன்னிக்கு எந்தக் கருவி மேலயும் கை வைக்கக் கூடாது பௌதி" என்றார் முதலாளி. "வேலைக்குக் கூப்பிடலியே நாங்க. சாப்பிடத்தானே வரேன்னீங்க?"

நான் எப்போது சாப்பிட வருகிறேன் என்றேன்? அவரைப் பொறுத்தவரை விஸ்வகர்மா பூஜைக்கு வருகிறேன் என்றால் அதுதான் அர்த்தம். அது கருவி இல்லை, கம்ப்யூட்டர் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். குங்குமத்தைத் துடைத்துவிட்டு வேலை பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. பென் டிரைவைப் பைக்குள் போட்டேன்.

ஆட்களுக்கெல்லாம் ஆட்டுக்கறியும் சோறும். எனக்குத் தனியாக லூச்சியும் ஆலுர் தம்மும், அதாவது மைதாப் பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும். பரிமாறியது முதலாளியின் மருமகள், பி.காம். படித்த பெண், பட்டறைக் கணக்கெல்லாம் அவள் கையில்தான். என்னைக் காகிமா, சித்தி என்று கூப்பிட்டாள். "தாதாவுக்கும் முதல்ல இப்படித்தான் தனியா வெச்சோம்" என்று முதலாளி சிரித்தார். "அப்புறம் அவரே இலிஷ் மீன் வேணும்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்." ஏகாதசியன்று வெங்காயம் போட்டாயா என்று சாம்பாரில் கரண்டியை விட்டுத் துழாவிப் பார்க்கிற மனிதர். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், இல்லை கோபமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. லூச்சியைப் பிய்த்துத் தின்றேன்.

மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "காகிமா, நீங்க எழுதினது எதுல?"

"பைத்தான்ல. ரொம்ப எளிசு."

"நடுவுல கெட்டுப் போச்சுன்னா நான் பார்த்துக்க முடியுமா?"

"எதுக்கு நீ பார்க்கணும்? எனக்குப் போன் பண்ணு, வந்துடறேன்" என்றேன் பட்டென்று.

மாமனாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தாதாவும் அச்சு அசலா இதையேதான் சொல்வார்" என்றார். "இவ கல்யாணமாகி வந்ததும் கேட்டா, ஸ்ப்ரெட்ஷீட்ல கட்டம் கட்டமா கணக்குப் போடறோமே, அதுலயே எடையையும் போட்டுட்டா நானே பார்த்துக்குவேனேன்னு. தாதா முடியவே முடியாதுன்னுட்டார். அதுல எடை மேடையோட பேச வராதாம். பாஸ்கல்தான் பேசுமாம்."

"வருமே" என்றேன்.

"வரும்னு தெரியும் பௌதி. இவ அப்பவே செஞ்சு பார்த்துட்டா. காட்டாம வெச்சுட்டோம்." கொஞ்ச நேரம் ஒலிபெருக்கியைத் திட்டுவது போல அந்தப் பக்கம் பார்த்தார். "அவருக்குப் போன் பண்றது நாங்க மட்டும்தான்னு ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னார். நல்ல மனுஷன். அவர் வந்தா டீ, அரட்டை, இங்க எல்லாருக்கும் ஒரு கலகலப்பு. கெடாமலே போன் பண்ணினதும் உண்டு, பொய் சொல்லக் கூடாது."

நான் ஏதோ சொல்லிவிட்டு எழுந்தேன். லாஞ்ச்சில் கூட்டம், கையில் காற்றாடி நூல் சுற்றிய பையன்கள், ஒரே இரைச்சல். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்தேன். பல வருஷமாக நான் அவரைப் பிடிவாதக்காரர், சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பாஸ்கலை விடாததற்குக் காரணம் யாராவது தன்னைக் கூப்பிட வேண்டும் என்பதுதான். அவருக்கு மட்டுமே தெரிந்த மொழியில் எழுதினால்தானே அவரைக் கூப்பிடுவார்கள்? என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இன்னொரு மொழியைச் சிபாரிசு செய்திருப்பேன். பகலில் ஆபீசிலிருந்து ஒரு போன் அடித்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்க மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அசைந்தது வேறு ஒன்று. பைத்தான் எளிது என்று சொன்னேனே, யாருக்கு எளிது? அந்தப் பெண் அதை ஒரு நாளும் எழுதியதில்லை. எங்கே ஓடும், யார் பார்ப்பார்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், இந்த முறை மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. பதில் எனக்கு முன்கூட்டியே பிடித்திருந்தது: நான் பார்ப்பேன். கெட்டால் என்னைக் கூப்பிட வேண்டும், நான் லாஞ்ச் பிடித்து வர வேண்டும். அவர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன்; அவர் நாலு ஆள் முகம் பார்க்கச் செய்தார், நான் அவருடைய இடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளச் செய்தேன். கரியாஹாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். அந்தக் கட்டங்கள்தான் சரி.

எங்கள் ஆபீசில் அந்தக் கட்டக் கணக்கை ஒரு மொழி என்று சொன்னாலே சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். ஆனால் பட்டறையில் இருக்கப் போகிறவளுக்குத் தெரிந்தது அதுதான். சாந்தினி மார்க்கெட்டில் அலைந்து ஒரு கேபிள் வாங்கினேன். எடை மேடையில் வரும் எண்ணை, யாரோ தட்டச்சு செய்தது போல நேராகக் கட்டத்துக்குள் கொண்டுவந்து போட்டுவிடும். மிச்சம் எல்லாம் சூத்திரம். சில ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தேன். கழிக்கிற சூத்திரத்தை அவளே எழுதினாள். குப்பை எண் வந்தால் தூக்கி எறிவதை மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன், அதுவும் அவர் எழுதியதைப் பார்த்து. அவள் கட்டங்களுக்குக் கிளிப்பச்சையும் ரோஸும் அடித்து வைத்தாள். கண்றாவியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாற்றுகிற அன்று பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கறுப்புத் திரையில் அவருடைய வெள்ளை எழுத்துகள், எடை சுழியம் என்று காட்டிக்கொண்டு, அடுத்த வண்டிக்குக் காத்திருந்தன. "நீங்க நிறுத்துறீங்களா, நான் நிறுத்தட்டா?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார். நானே நிறுத்தினேன். உள்ளே இருந்த விசிறி கொஞ்சம் சுற்றிவிட்டு ஓய்ந்தது. ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. மருமகள் புது மெஷினில் முதல் சலானை எடுத்தாள். எடை சரியாக இருந்தது. டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மறுநாள் ஆபீசுக்குப் போனேன்.

அதற்கப்புறம் போன் வரவில்லை. மழை விட்டது, துர்கா பூஜை வந்து போனது, தீபாவளியும் போயிற்று. ஆபீசில் ஒரு கூட்டத்தின் நடுவில் போனை எடுத்துப் பார்ப்பேன். புரோகிராம் எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது; சரியான மொழியில் எழுதிவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை நானாகவே கிளம்பிப் போனேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஹவுராவில் இறங்கி டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் போகும்போதே என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. மருமகள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "காகிமா, நல்ல நேரத்துல வந்தீங்க, இதைப் பாருங்க." எந்த வார்ப்பு எந்த உலையிலிருந்து வந்தது என்று தெரிய அவளாகவே ஒரு வரிசை சேர்த்திருந்தாள். தப்பு ஏதாவது இருக்குமா என்று ஆசையோடு பார்த்தேன். இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

முதலாளி உலைப் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "பௌதி! என்ன ஆச்சு? யாராவது போன் பண்ணினாங்களா?"

"இல்லே. சும்மாதான் வந்தேன்" என்றேன். சொன்னபோது அவ்வளவு வெட்கமாக இருந்தது. இந்தச் சந்துக்கு யாரும் சும்மா வருவதில்லை.

"சும்மா வந்தா என்ன? உக்காருங்க, உக்காருங்க" என்று பெஞ்சைத் துண்டால் தட்டினார். டீ சொல்லிவிட்டுத் திரும்பினார். "தாதாகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கெடாட்டாலும் வந்துட்டுப் போங்கன்னு. ஒரு நாள்கூடச் சும்மா வந்ததில்லை பௌதி. கூப்பிட்டாத்தான் வருவார்."

பெஞ்சில் உட்கார்ந்தவள் அங்கேயே அழ ஆரம்பித்தேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, நிறுத்த முடியாமல். வார்ப்பு அடிக்கிற ஆட்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி பயந்துபோய் அம்மா அம்மா என்றார். வாசலில் ஒரு லாரி புறப்பட நின்றுகொண்டிருந்தது, டிரைவர் ஹாரன் அடித்தான். மருமகள் என் பக்கத்தில் நின்று ஒரு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே, மறுகையால் அவனுடைய சலானை அச்சடித்துக் கொடுத்தாள்.